மாத்திடறது நல்லது

என்னங்க,

சின்னவள் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறாள், சாப்பிட்டுவிட்டாள். உங்கள் சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். வொர்க்‌ஷாப்புக்கு எத்தனை தடவை போன் அடித்தாலும் நீங்கள் கஸ்டமரோடு பேசுவதாகவே சொல்கிறார்கள்.

என் தம்பி நம் காரை ஒரு லாரியின் பின்பக்கம் மோதிவிட்டான். பிரேக் பிடிக்கவில்லையாம். உயிருக்கு ஒன்றுமில்லை. கால்தான் மோசம்.

காலையில் நீங்கள் சொன்னீர்கள்தான், "பிரேக் தேஞ்சிருக்கு, மாத்திடறது நல்லது"ன்னு. அவன் சாவியை எடுத்துக்கொண்டே, "மாமா, கடைப் பேச்சை வீட்லயும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றான். நானும் சிரித்துத் தொலைத்தேன். நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

கஸ்டமர் காரில் நல்லா இருக்கிற ஃபில்டரைக் காசுக்காக மாற்ற வைத்துவிட்டு வந்து, "மாத்திடறது நல்லது சார்" என்று ராத்திரி சாப்பாட்டில் நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்தது யார்? நிஜத்தைச் சொல்லும்போதாவது வேறு குரலில் சொல்லியிருக்கக் கூடாதா?

அவனுக்கு மாற்றுத்துணி எடுக்கத்தான் வந்தேன். மறுபடி பஸ் ஸ்டாண்ட் எதிரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன். பின்கதவைப் பூட்டிவிட்டு வாருங்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். டாக்டர், "ஆபரேஷன் பண்ணிடறது நல்லதும்மா" என்றார். அப்படியே உங்கள் குரல். கையெழுத்துக்குக் காத்திருக்கிறார்கள், எனக்குக் கை வரவில்லை. நிஜமாகவே வேண்டுமா, சும்மா சொல்கிறாரா? உங்களுக்குத்தான் முகம் பார்த்தால் தெரியும். வந்து பார்த்துச் சொல்லுங்கள்.

சொல்லும்போது அந்தக் குரல் மட்டும் வேண்டாம்.