மூன்று தட்டு

மச்சான்,

புதன்கிழமை சாயங்காலமானால் குனோங் ராபாட்டில் எங்கள் தெருமுனையில் பாசார் மாலாம், ராத்திரிச் சந்தை, கூடிவிடும். இன்றைக்கு வாழைப்பழம் பொரிக்கிறவன் தன் ஜெனரேட்டரின் கயிற்றை இரண்டு முறை வீணாக இழுத்து, மூன்றாவது இழுப்பில் கிளப்பினான். பெட்ரோல் புகை குப்பென்று வந்தது. சாமான் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் பைத்தியக்காரன் மாதிரி அதன் பக்கத்திலேயே நின்றேன். இந்தச் சத்தத்துக்காக உன்னிடம் மல்லுக்கு நின்றவன் நான். பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

நாம் வேலை செய்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நம் இருவருக்கும் லயத்து வீடு போயிற்று. பேராக் ஆற்றில் மணல் அள்ளும் வேலைக்கு வந்தோம். தங்குவதற்கு முதலாளி இரண்டு பழைய தொங்கான்களைக் காட்டினார். தகரக் கூரை போட்ட மரப்படகுகள். ஒன்றில் நானும் என் வீட்டுக்காரியும், மற்றதில் நீ மட்டும். நடுவில் நடந்துபோக ஒரு பலகை. ஜெலாப்பாங்கில் ஏதோ பட்டறையிலிருந்து அந்தப் பழைய ஜெனரேட்டரை நீ தூக்கி வந்தபோது, "ஒத்தை ஆளுக்கு எதுக்கு மச்சான் இந்தப் பேயி?" என்று கேட்டேன்.

"வெளிச்சம் இருந்தா வீட்டுல ஆள் இருக்கிற மாதிரி இருக்குலா," என்றாய்.

எனக்கு அது விளங்கவில்லை. எனக்குத்தான் வீட்டில் ஆள் இருந்ததே.

அது போட்ட சத்தத்தில் கரையிலிருந்த கொக்குகள்கூட இடம் மாறிவிட்டன. ஆனால் உன் மரியாதையைக் குறை சொல்ல முடியாது. புகைக்குழாயை எங்கள் பக்கம் திருப்பாமல் ஆற்றைப் பார்த்து வைத்தாய். அடியில் பழைய டயரை வெட்டிப் போட்டாய். கயிற்றை இழுப்பதற்கு முன்னால் மண்ணெண்ணெய்த் தகரத்தில் கரண்டியால் மூன்று முறை தட்டுவாய். நான் "போடு மச்சான்" என்பேன், இல்லாவிட்டால் அவள் "போடுங்கண்ணே" என்பாள். அதற்கப்புறம்தான் இழுப்பாய். பதில் வராவிட்டால் அன்றைக்கு உனக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். "லயத்துல நடுவுல ஒரு செவுராவது இருந்துச்சு. இங்க தண்ணிதானே இருக்கு, நாமதான் பாத்து நடந்துக்கணும்," என்பாய்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் மணல் பம்ப் அடைத்துக்கொண்டதற்கு முதலாளி என்னைத்தான் ஏசினார். தலை வெடிக்கிற மாதிரி வலியோடு வந்து படுத்தேன். வழக்கம்போல நீ தட்டினாய். உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, ஆனால் கத்துவதற்கு அப்போது நீதான் கிடைத்தாய். "அந்த மெசினைத் தூக்கி ஆத்துல போடு! மனுசன் நிம்மதியா இருக்க வேணாமா?" என்றேன். "சரி மச்சான்" என்று மட்டும் உன் குரல் வந்தது. உன் படகில் விளக்குத்திரி எரிந்தது.

மறுநாள் சாயங்காலம் கரண்டிச் சத்தம் வரவில்லை. ஜெனரேட்டரும் ஓடவில்லை. ஆறு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆள் வழிக்கு வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

"விளக்குகூட எரியல. அண்ணனை ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்," என்றாள் அவள்.

"ரோசத்துல இருக்கான். காலையில சரியாயிடுவான், விடு."

பலகையைத் தாண்ட ஐந்து எட்டுதான் வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

காலையில் நான் கோப்பி எடுத்துக்கொண்டு உன் படகுக்கு வந்தபோது நீ ஜெனரேட்டர் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாய். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மூச்சு இருந்தது. தகரம் உன் தலைமாட்டில், கரண்டி கைக்கு எட்டாத தூரத்தில். அத்தனை ஏச்சு வாங்கிய பிறகும், மறுநாள் நீ என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போட இருந்திருக்கிறாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், லாரியில், என் மடியில் உன் மூச்சு நின்றது. ராத்திரியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. பயம்தான், வேறென்ன.

இங்கே பக்கத்து வீட்டில் ஒரு சீனக் கிழவர் தனியாக இருக்கிறார். ஏழு மணிக்கு அவர் டிவி போட்டால் எங்கள் வீட்டுச் சுவர் அதிரும். இன்றைக்கு பாசார் மாலாமிலிருந்து திரும்பினால் சத்தமே இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடிப்போய் கேட்டைப் பிடித்து உலுக்கினேன். வெறும் பனியனோடு வெளியே வந்து, டிவி ரோசாக், கெட்டுப்போச்சு, நீ ஏன் இப்படி ஓடி வருகிறாய் என்று மலாயில் கேட்டார். சீக்கிரம் ரிப்பேர் செய்யச் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு நான் ஒரு கிறுக்கன்தான்.

என் வீட்டுக்காரி குழம்பைக் கிண்டிவிட்டுக் கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினால் இரண்டு தட்டோடு நிறுத்திவிடுவாள். நான் சொல்லி வைத்ததில்லை, அவளாகவே பழகிக்கொண்டது. இன்றைக்கு ஏதோ நினைப்பில் மூன்றாவதும் விழுந்துவிட்டது. அடுப்படியில் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த நான் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்: "போடு மச்சான்."