ஸ்லாட்டருக்கு இரண்டு விசில்

இன்று காலை மூக்குக்கண்ணாடியைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது உன் விசில் கைக்கு வந்தது. நீ காலமான பிறகு உன் வீட்டார் எனக்குக் கொடுத்தது. இன்னும் உன் வெற்றிலை வாசனை அடிக்கிறது, கண்டக்டரே. சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறாய்.

என் மகளுக்கு இங்கிலாந்தில் ஓட்டல் வேலை கிடைத்திருக்கிறது. ஊர் அப்பர் ஸ்லாட்டர். பத்தாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவன் நான் சும்மா இருந்திருக்கலாம். "ஸ்லாட்டர்னா வெட்டறது" என்று வீட்டில் பெருமையாக விளக்கினேன். என் மனைவி, நீ வாய் நிறையக் கூப்பிடும் உன் தங்கச்சி, தறியை விட்டு எழுந்துவிட்டாள். "வெட்டற ஊருக்கு என் பொண்ண அனுப்பமாட்டேன்." அதிலிருந்து மகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போதுதான் முன்பு உன் பேருந்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. மகனுக்குப் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒருவர், "திருப்புட்குழியா? பேர்லயே குழி இருக்குதே" என்று இழுத்தார். விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"நீ முசரவாக்கத்துல எறங்கறவன், கம்முனு இரு. அந்த ஊர்ல எறங்கறவங்கள கேப்போம்பா" என்று சொல்லி, கூடையோடு நின்ற ஒரு திருப்புட்குழி அம்மாவிடம் திரும்பினாய்.

"புள்ளுன்னா பறவை. ஜடாயுவுக்குப் பெருமாளே குழியில வெச்சு காரியம் பண்ண ஊரு. உங்க புள்ளைக்கு இதவிட நல்ல எடம் வோணுமா?" என்றார் அந்தம்மா. பெண் பார்க்கப் போனவர் திருப்புட்குழிக்கே டிக்கெட் வாங்கினார். நீ இரண்டு விசில் கொடுத்தாய்.

நேற்று அந்த ஓட்டல் சமையற்கட்டுத் தலைவி மகளோடு வீடியோவில் பேசியபோது, நான் குறுக்கே தலையை நீட்டினேன். "மேடம், யூ பார்ன் தேர்? ஒய் திஸ் நேம்?"

அந்தம்மாள் சிரித்துவிட்டுச் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். "அங்கயே பொறந்தவங்களாம்பா. வெட்டு குத்து ஒண்ணும் இல்லியாம். பழங்கால இங்கிலீஷ்ல சேத்து நெலத்துக்கு இருந்த வார்த்தையாம், காலப்போக்குல இப்படி ஆயிடுச்சாம். கிரேட் ஸ்னோரிங்னு கூட ஒரு ஊரு இருக்குதாம், பெரிய குறட்டை. அதுவும் குறட்டை இல்ல, ஆதியில குடியேறுன ஆளு பேருலேர்ந்து வந்துச்சாம்."

"உங்கப்பாவ அங்க அனுப்பு" என்றாள் உன் தங்கச்சி. பிறகு என் பக்கம் திரும்பி, "சேறுன்னா வழுக்குமே. நல்ல செருப்பா வாங்கிக் குடுங்க" என்றாள்.

போகிற ஊரைப் பற்றி அங்கே இறங்குகிறவர்களைத்தான் கேட்க வேண்டும் என்று மகளிடமும் சொல்லிவிட்டேன், என் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி. பொறுத்துக்கொள்.

ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும், இரண்டுக்குக் கிளம்பும். அவள் பெட்டியோடு வாசலைத் தாண்டும்போது உன் விசிலை ஒருமுறை ஊதி நிறுத்திவிடத்தான் எனக்குத் தோன்றும், தெரியும். ஆனாலும் இரண்டாவதை ஊதாமல் விடமாட்டேன்.