தலையில் ஐஸ்

என்னங்க,

பாப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்தது.

காலையில் தலையில் குளிர் ஏறிவிடும் என்று அவள் குல்லாவைக் கழற்றவிடாமல் நர்ஸோடு மல்லுக்கு நின்றேன். மத்தியானம், இதயத்துக்குப் பதிலாக ரத்தம் ஓட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்பவர் வெளியே வந்து சாதாரணமாகச் சொல்கிறார்: "தலையைச் சுத்தி ஐஸ் வச்சோம்மா. அப்புறம் மெஷினையும் கொஞ்ச நேரம் நிறுத்தினோம். குளிர்ந்து இருந்தாத்தான் ரத்தம் ஓடாத அந்த நேரத்தை மூளை தாங்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தாங்கிச்சா?" என்று கேட்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

சாயந்திரம், மூளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்க்க, டாக்டர் பாப்பாவின் கண்ணில் டார்ச் அடித்தார். பாப்பா முகத்தைச் சுளித்தாள். தூக்கத்தில் எழுப்பினால் நீங்கள் சுளிப்பீர்களே, அதே மூஞ்சி! எத்தனை நாள் அந்த மூஞ்சியைத் திட்டியிருப்பேன். இன்று அதைப் பார்த்துத்தான் எனக்குப் போன உயிர் வந்தது.

குல்லாவை அந்த நர்ஸே போட்டுவிட்டாள்.

பாப்பாவின் அம்மா