பூவிழி போகிற தூரம்

பிப்ரவரி 11, செவ்வாய்

காரிமங்கலத்தில் சந்தை நாள். ஆஸ்பத்திரி வாசலில் காலையிலிருந்தே மாடுகள். வாங்கிய மாட்டைக் கையோடு காட்டிவிட்டுப் போகிறவர்கள் பாதி, விற்காமல் திரும்பியவர்கள் பாதி. சினை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன ஒரு பசு உதைத்ததில் முழங்கால் வீங்கியிருக்கிறது. கால்நடை மருத்துவனுக்கு இது புதிதில்லை.

மதியம் பூவிழி பெங்களூரிலிருந்து பேசினாள். விண்வெளி வீரர் தேர்வில் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாளாம். குரலில் ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவு சொல்கிற மாதிரி சொன்னாள்.

"குடும்பத்தையும் கூப்பிட்டுப் பேசுவாங்களாம். நீங்க லீவு சொல்லி வெச்சுக்கங்க."

சரி என்றேன். என்ன கேட்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தபோது சித்தேரி மலை ஞாபகம் வந்தது.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மலையில் தடுப்பூசி முகாம். சென்னப்பன் என்பவரின் காளை வேலிக்கம்பியில் மாட்டிக்கொண்டு வயிற்றைக் கிழித்துக்கொண்டது. விடுவிக்கப் போனவரின் தொடையிலும் குத்திவிட்டது. ஒரே களத்தில் நான் காளைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். சுகாதார நிலையத்திலிருந்து நடந்தே வந்த பெண் டாக்டர் அவருக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் அவளிடம் நூல் தீர்ந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்து, "உங்க நூலு பிரிக்காதது இருந்தா குடுங்க" என்றாள்.

"மாட்டுக்குப் போடறதுங்க."

"நூலுக்குத் தெரியாது, குடுங்க."

அவள்தான் பூவிழி. சென்னப்பன் இன்றைக்கும் தன் காலில் பாதி மாட்டுத் தையல் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூவிழி வந்திருந்தாள். இரண்டு வருடமாகவே இப்படித்தான். அவள் பெங்களூரில், விமானிகளின் உடல்நலம் பார்க்கும் ஆய்வகத்தில். நானும் எங்கள் மகள் அன்புவும் இங்கே. ஞாயிற்றுக்கிழமைதான் மூன்று பேரும் ஒரு வீடு.

அன்புவுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிக்கொண்டே பூவிழி சொன்னாள், தேர்வில் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்கிறார்களாம் -- ஏன் போக வேண்டும்?

"நீ என்ன சொன்ன?"

"சித்தேரியச் சொன்னேன்."

எனக்குப் புரிந்தது. ஒரு மழைக்காலம் பாதையில் மரம் விழுந்து, பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பூவிழியும் கூடவே இறங்கினாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அன்றைக்கு வந்த கேள்வி அவளை விடவே இல்லை. உதவி வந்து சேர முடியாத இடத்தில் மனுஷ உடம்பு என்ன செய்யும்? எது வரைக்கும் தாங்கும்? அதைத் தேடித்தான் அண்டார்டிகா ஆய்வு நிலையத்துக்கு டாக்டராகப் போனாள். அதைத் தேடித்தான் இந்த ஆய்வகம். சித்தேரியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பாதைதான், கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடிக்கொண்டே போகிறது.

பிப்ரவரி 27, வியாழன்

பெங்களூர். மனநல மருத்துவர் ஒருவர், என் வயதுதான் இருக்கும், எதிரில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். அண்டார்டிகாவில் உங்கள் மனைவி ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார். அவர் திரும்பி வந்த பிறகு எப்படி இருந்தது?

நன்றாக இருந்தது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். முடியவில்லை.

அன்பு பிறப்பதற்கு முந்தின காலம் அது. அங்கே குளிர்காலம் முழுக்க கப்பலும் வராது, விமானமும் வராது. முதலில் தினமும் பேசினோம். பிறகு வாரத்துக்கு ஒரு முறை. பிறகு பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று -- அவளுக்கு அங்கே தினமும் அதே பனி, எனக்கு இங்கே தினமும் அதே மாடு. திரும்பி வந்த அன்றைக்கு, சென்னை விமான நிலையத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றவளைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை: "வாங்க."

கட்டின பெண்டாட்டியை. வாங்க என்று.

அவளும் சிரிக்கவில்லை. அடுத்த சில மாதங்கள் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் போல இருந்தோம். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால்கூட அவளுக்கு நெஞ்சு படபடக்கும். மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் கீழே உட்கார்ந்திருப்பேன். எப்படிச் சரியானது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் குழம்பில் உப்பு இல்லை என்று திட்டினாள். அன்றையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கடைசியாகக் கேட்டார், "மறுபடி ஒருமுறை உங்களால் முடியுமா?"

தெரியாதுங்க என்றேன்.

மார்ச் 1, சனி

நேற்று பஸ்ஸில் திரும்பும்போது பூவிழி கேட்டாள், "என்ன சொன்னீங்க?"

உள்ளதைச் சொன்னேன். ஓசூர் தாண்டி, சூளகிரி தாண்டி, கிருஷ்ணகிரி வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னால்தான் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரியில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்:

"என்னையும் அதையேதான் கேட்டாங்க. நானும் தெரியாதுன்னுதான் சொன்னேன்."

ஏப்ரல் 9, புதன்

தகவல் இல்லை. வெயில். குட்டைகள் வற்றிவிட்டன.

மே 6, செவ்வாய்

அறிவித்துவிட்டார்கள். ஆறு பேர். பூவிழி ஐந்தாவது.

சந்தைக் கூட்டத்துக்கு நடுவில், ஒரு எருமையின் வாய்க்குள் கை விட்டுக்கொண்டிருந்தபோது கம்பவுண்டர் ராஜா ஓடி வந்து செல்போனை நீட்டினான். கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். நீல உடையில் ஆறு பேர் வரிசையாக. அவள் சிரிக்கவில்லை. உதட்டை மடித்து வைத்திருந்தாள் -- ஊசி போடும்போது இருக்கிற முகம்.

மற்றவர்களைப் பற்றியும் படித்தேன். இரண்டு பேர் போர் விமானச் சோதனை ஓட்டிகள். ஒருவர் பனிமலையில் சிக்கிக்கொண்டவர்களை ஹெலிகாப்டரில் போய் மீட்டவர். ஒருவர் நீர்மூழ்கிக் கப்பல் பொறியாளர். அவருடைய அம்மா தையல் டீச்சர். ஒரு பெண், பாலைவனச் செடிகளை ஆராய்கிறவர். அவர் வீட்டில் வேறு யாரும் பள்ளிக்கூடம் தாண்டியதில்லை. இந்த ஆறு பேரும் வேறு எந்த வேலைக்காகவும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் செய்தியில் ஆறு பேரின் வாழ்க்கையையும் ஒரே வாக்கியத்தில் தொடங்கியிருக்கிறார்கள்: சிறு வயதிலிருந்தே விண்வெளிக் கனவு.

பிறகு பூவிழி பேசினாள். "அன்பு எங்க?" என்றுதான் முதலில் கேட்டாள்.

மே 8, வியாழன்

அதியமான்கோட்டையில் மாமாவின் பஞ்சர் கடைக்கு நிருபர்கள் வந்துவிட்டார்கள். மாமா ராஜப்பன், பூவிழியின் அப்பா, கைக்கு வந்த வேலையை விடாமல் டயரைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"சின்ன வயசுல நட்சத்திரம் எல்லாம் பாத்துக்கிட்டு இருப்பாங்களா ஐயா?"

"இல்லீங்க. அவ வானத்தப் பாத்து நான் பாத்ததில்ல. எந்நேரமும் லாரிக்கு அடியில படுத்துக்கிட்டு மேல பாத்துக்கிட்டு இருப்பா. பவுடர் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினா கிரீசோட வூட்டுக்கு வருவா."

பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போடுவது அவள் வேலையாம். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு விருந்துக்குப் போன என்னை உட்கார வைத்துவிட்டு, பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கேரளா லாரிக்கு ஜாக்கி வைத்தவள்தானே.

மே 9, வெள்ளி

பேப்பரில் வந்துவிட்டது: நெடுஞ்சாலை ஓரத்தில் நட்சத்திரங்களைப் பார்த்து வளர்ந்த பெண்.

மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "நான் சொன்னது ஒண்ணு, போட்டது ஒண்ணு. போவட்டும் வுடுங்க மாப்ள" என்றார்.

மே 13, செவ்வாய்

பஸ் நிலையத்தில் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். பூவிழியின் தலையை யாரோ வெள்ளைக்காரரின் விண்வெளி உடைமேல் ஒட்டி. அன்பு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்பா, இது எப்ப முடியும்?"

பயிற்சியே பல வருடம் ஆகும் என்றேன். பயணம் அதன் பிறகுதான், அதில் யார் போவது என்று இடையில் முடிவு செய்வார்கள்.

"அப்ப நான் பத்தாவதே முடிச்சிருவேன்."

மாலை பூவிழி போன் செய்தபோது அன்பு பேசவில்லை. வீட்டுப்பாடம் இருக்கிறதாம். பள்ளிக்கூடம் லீவு.

மே 18, ஞாயிறு

விலகிவிடப் போகிறேன் என்றாள் பூவிழி. மாத முடிவுக்குள் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்றாள். ஏதோ பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்பது போல.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் கோபம்? நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டது இதைத்தானே? பிப்ரவரியிலிருந்து இதைத்தானே வேண்டிக்கொண்டிருந்தேன்? கேட்டதும் தாங்க முடியவில்லை.

"என்னையக் காரணம் காட்டி நிக்காத பூவிழி. நாளைக்கு அந்தப் பழி எனக்கு வேண்டாம்."

"உங்கள யாரு காரணம் காட்டினா? எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கா?"

"அங்க போறதுக்கு இல்லீங்க. அன்னிக்கி ஏர்போர்ட்ல நீங்க என்னைய வாங்கன்னு சொன்னீங்க. நீங்க பெரியவங்க, எப்படியோ திரும்பி வந்தீங்க. நாளைக்கு அன்பு என்னைய வாங்கன்னு கூப்பிட்டா நான் என்ன பண்றது?"

அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருடமாக அவளும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மே 19, திங்கள்

அவள் போன பிறகு வீடு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. பிடிக்கவில்லை.

மே 22, வியாழன்

கோமாரித் தடுப்பூசிக்காக சித்தேரிக்குப் போனேன். களத்தில் தினை காய்ந்துகொண்டிருந்தது. சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. பழைய ஓட்டுக் கட்டடத்தின் சுவர் மட்டும் நிற்கிறது. அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு எத்தனையோ சாயங்காலம் பேசியிருக்கிறோம். கடைசி பஸ் வரும்வரைக்கும். சில நாள் அதையும் விட்டுவிட்டு.

அவளுக்கு அப்போது மருத்துவ மேற்பயிற்சிக்கு இடம் சென்னையில் கிடைத்திருந்தது. போகட்டுமா என்று கேட்டாள். போ என்றேன். அண்டார்டிகாவுக்கும் போ என்றேன். பெங்களூருக்கும் போ என்றேன். எல்லாத் தடவையும் போனதும் அவள்தான், வந்ததும் அவள்தான். நான் இந்த ஊரில் வாசற்படி மாதிரி ஒரே இடத்தில் இருந்திருக்கிறேன்.

பஸ்ஸில் இறங்கி வரும்போது தோன்றியது. தூரம் அவள் பக்கம் கூடுகிறது என்றால் என் பக்கம் குறைத்தால் என்ன? தமிழ்நாட்டு அரசு வேலையில் பெங்களூர் போக முடியாது. ஓசூர் போகலாமே. மாடு அங்கேயும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பூவிழிக்குப் போன் செய்தேன்.

"ஓசூருக்கு மாறுதல் கேட்டா என்ன? நீ பெங்களூர்ல இருக்கிற நாள்ல ராத்திரிச் சாப்பாட்டுக்கு வூட்டுக்கு வந்துரலாம்."

"அந்த ஊர விட்டு நீங்க வருவீங்களா?"

"வரேன்."

மே 29, வியாழன்

கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

மாறுதல் வந்து, சாமான் கட்டியாயிற்று. அன்பு பிறந்தபோது வாங்கிய தொட்டில் கம்பு, பூவிழி பனிக்கண்டத்திலிருந்து கொண்டுவந்த கனமான கம்பளி உடுப்பு -- இந்த ஊர் வெயிலில் ஒருநாள்கூட யாரும் போடவில்லை. மொட்டை மாடிக்கு ஒரு முறை ஏறிப் பார்த்தேன். அவள் உட்கார்ந்திருந்த மூலையில் இப்போது வீட்டுக்காரர் புளி காயவைத்திருக்கிறார். கஷ்டமான நாட்கள்தான் அவை. ஆனாலும் அந்த மூலையை விட்டு இறங்க மனசு வரவில்லை. கஷ்டப்பட்ட இடத்துக்கும் மனசு ஏங்குமா? ஏங்குகிறது.

மாமா வந்திருந்தார். வண்டி ஏற்றி முடித்ததும் டெம்போவின் நாலு டயரையும் தட்டிப் பார்த்துவிட்டு, "போலாம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஓசூர். இங்கே பாதிப் பேர் கன்னடத்தில் பேசுகிறார்கள், பாதிப் பேர் தெலுங்கில். மாடுகளோடு எனக்குச் சிக்கல் இல்லை. அன்பு பள்ளிக்கூடத்தில் கன்னடத்தில் திட்டக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள்.

பூவிழிக்குப் பனிமலையில் உயிர் பிழைக்கும் பயிற்சி. போன் கிடையாது. முந்தின இரண்டு மாதமும் பெரும்பாலான நாட்கள் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள். உடம்பெல்லாம் வலி, பாதித் தோசையிலேயே தூங்கிவிழுவாள். வந்தாள் என்பதுதான் விஷயம்.

டிசம்பர் 2, செவ்வாய்

முதல் பயணத்துக்கான பெயர்களை, வெளியே அறிவிக்கும் முன்னால், அவர்களுக்குள் சொல்லிவிட்டார்கள். இரண்டு விமானிகளும் அந்த நீர்மூழ்கிப் பொறியாளரும். பூவிழி இல்லை. அடுத்ததற்கு எத்தனை வருடம் ஆகும், அதிலாவது இருப்பாளா -- யாருக்கும் தெரியாது. அவர்களுடைய உடல்நலத்தைத் தரையிலிருந்து கவனிக்கிற வேலையை இவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

"நல்ல வேலைதாங்க" என்றாள். தட்டைக் கழுவி வைத்தாள். கழுவின தட்டை எடுத்து மறுபடி கழுவினாள்.

டிசம்பர் 13, சனி

அன்புவுக்குத் திங்கட்கிழமை நிலவின் வளர்பிறை தேய்பிறை பற்றி அட்டையில் செய்து கொண்டுபோக வேண்டுமாம். கூடத்தில் தெர்மோகோலும் பசையுமாகப் பரப்பி வைத்திருக்கிறாள். பூவிழி சாயங்காலமே வந்துவிட்டாள். வந்ததும் எட்டிப் பார்த்துவிட்டு, வெளிச்சம் விழுகிற பக்கம் தப்பு என்றாள்.

"டீச்சர் இப்படித்தான் சொன்னாங்க."

"டீச்சர் சரியாத்தான் சொல்லியிருப்பாங்க. நீ திருப்பி ஒட்டிட்ட."

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கா தெரியாது?"

"நீ என்ன நிலாவுக்கா போயிட்டு வந்த? உன்னையத்தான் அனுப்பவே இல்லையே. சும்மா இரு."

உள்ளே மாவு கரைத்துக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது.

பிறகு பூவிழி சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், பஞ்சர் கடைக்காரர் மகள் சிரிக்கிற மாதிரி, சத்தமாக. அந்தப் பெயர்கள் வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் கேட்கிறேன். அன்பு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள், ஒரு வார்த்தையில்கூட 'வாங்க' இல்லை. ஒட்டினதைப் பிய்க்காதே என்று கத்துகிறாள். பிய்ப்பேன் என்கிறாள் இவள்.

தோசைக் கல்லைப் போட வேண்டும். சண்டை முடியட்டும், பிறகு போடலாம்.