மிளாவுக்குக் கட்டிய பட்டி

மார்ச் 8, 2005. செவ்வாய்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. மலையில் புல் எல்லாம் கருகிவிட்டது. ஆகவே மிளா இறங்கி வந்தது, நேராக எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு. (கடமானை இங்கே மிளா என்போம். கன்றுக்குட்டி முகம், குதிரை உயரம், கூச்சம் கிடையாது.) தின்றவை: கீரைப் பாத்தி முழுதும், சீனிக்கிழங்குக் கொடி, அவரையில் கொஞ்சம். மிளகாயைத் தொடவில்லை. காரம் ஆகாது போல.

மனைவி ரஹமத்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கெழம ஆபீசரம்மா வர்றாக. அன்னைக்கு என் அவரைப் பந்தல் நிக்கணும். அம்புட்டுதான்."

வீட்டுத்தோட்டப் போட்டிக்கு மார்க் போட வருகிறவர். போன வருஷம் இவள் இரண்டாம் பரிசு. முதல் பரிசு இவளுடைய தம்பி மனைவி. பரிசாக வந்த குத்துவிளக்கு அளவு சில்வர் குடம், மச்சினன் வீட்டு டிவி மேல் இன்னும் இருக்கிறது. படம் பார்க்கப் போனால் குடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மார்ச் 9, புதன்
கம்பம் ஜீப் ஸ்டாண்டு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஷாஜியிடம் யோசனை கேட்டேன். மலையாளி, மிளாவோடு வளர்ந்தவன்.

"ஒரு பட்டி கெட்டியா மதி, இக்கா. பின்ன அது வரில்லா."

ஒரு பட்டி கட்டினால் போதும், பிறகு வராதாம். எவ்வளவு எளிமை! பட்டி. பக்கத்து வீட்டு மொக்கைச்சாமி ஆட்டுக்குக் கட்டியிருக்கிறாரே, அதேதான். மலையாளம் தெரிந்திருப்பதில் எத்தனை அனுகூலம்.

மார்ச் 10, வியாழன்
வேலை ஆரம்பம். தோட்டத்தைச் சுற்றி மூங்கில், சவுக்குக் கம்பு, இலந்தை முள். கட்டுவது மொக்கைச்சாமி. மேற்பார்வை நான்.

"எத்தன ஆடு வாங்கப் போறீக, பாய்?"

"ஆடு இல்ல. மிளா உள்ள வராம இருக்க."

"உள்ள இருக்கிறது வெளிய போகாம இருக்கத்தான பாய் பட்டி?"

"தத்துவம் ஒண்ணுதான்" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு கட்டினார்.

சோறு இறங்கவில்லை, அவ்வளவு உற்சாகம். கோட்டை கட்டியவர்களைப் பற்றி இதுவரை படித்ததோடு சரி. உள்ளங்கை முழுக்க முள்.

மார்ச் 11, வெள்ளி
ஜும்மா முடிந்து வந்து, வாசலுக்கு மூங்கில் படல் மாட்டினோம். ரஹமத்து ஒரு சுற்று வந்தாள். "பரவாயில்ல." இவ்வீட்டில் இதற்கு மேல் பாராட்டு வழங்கப்பட்டதில்லை. அவரை நிறையப் பூ.

மார்ச் 12, சனி
விடிந்ததும் பார்த்தால் மிளா பட்டிக்குள்!

மேற்கே வேலியை ஒட்டிக் கரை மேடு. அங்கிருந்து உள்ளே குதித்திருக்கிறது. திரும்பத் தாவ உள்ளே ஓட்டத்துக்கு இடமில்லை. வேறு வழியின்றித் தின்றுகொண்டிருந்தது. பந்தல் காலி. வேலியில் ஒரு குச்சி அசையவில்லை.

மொக்கைச்சாமிக்கு ஒரே பெருமை. "பாத்தீகளா பாய், எங்கிட்டும் போக முடியல. நம்ம வேல சுத்தம்."

அந்நேரம் ஷாஜி ஜீப்பை நிறுத்திவிட்டு வந்தான். வேலியைச் சுற்றித் தேடினான்.

"பட்டி எவிடே, இக்கா?"

"இந்தா இருக்கே!"

"ஈ வேலியோ? அய்யோ! பட்டி, இக்கா, பட்டி! பௌ! பௌ!"

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். நாய் ஒன்று கட்டிப் போடச் சொல்லியிருக்கிறான். ஊர்ப் பெயரில் பாதிக்குப் பாதி பட்டி என்று முடிகிற ஜில்லாவில் எனக்கு வேறெப்படிக் கேட்கும்?

அவன் குரைத்ததில் மிளா மிரண்டு மிளகாய்ப் பாத்தியையும் மிதித்தது. நாங்கள் ஆண்கள் வெளியே நின்று ஆலோசித்தோம். ரஹமத்து போய்ப் படலைத் திறந்து ஒதுங்கி நின்றாள். "போ ஆத்தா." போய்விட்டது.



மார்ச் 13, ஞாயிறு
ஆபீசரம்மா வந்தார். வெறும் பந்தலைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், தரையில் கிடந்த புழுக்கையைக் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"தோட்டம்னு எழுதியிருக்கீங்க, இது ஆட்டுப்பட்டியாச்சே! இவ்வளவு நேர்த்தியா நான் பார்த்ததில்லம்மா. கால்நடைப் பிரிவுல யாருமே பேர் குடுக்கல. புழுக்கையே எவ்வளவு பெருசு! என்ன ரகம்?"

நான் வாயைத் திறந்தேன். ரஹமத்து முந்திக்கொண்டாள். "மலை ரகம், மேடம். மேய்ச்சலுக்குப் போயிருக்கு."

சாயங்காலம் போட்டோ எடுக்க வருகிறார்களாம். ரஹமத்து என் பக்கம் திரும்பினாள். "நிக்காதீக. மொக்கைச்சாமி அண்ணன் ஆட்ட மேய்க்க ஓட்டிட்டுப் போயிட்டாக. ஓடிப் போய் ஒரு ஆட்டக் கையோட ஓட்டிட்டு வாங்க. உள்ளதுலயே பெருசாப் பாத்து."

செருப்பு எங்கே என்று தெரியவில்லை. வெறுங்காலோடு கிளம்புகிறேன்.