எல்லாப் பக்கத்திலும் உன் நம்பர்

இன்று காலை கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். இடுக்கிலிருந்து மல்லாட்டைத் தோல் உதிர்ந்தது. வறுத்த வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டேதான் நீ வேலை பார்ப்பாய். அதற்காக உன்னை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! இப்போது அந்தத் தோலைப் பொறுக்கித் தாளில் மடித்து வைத்திருக்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதடி.

சுத்தம் செய்யவா உட்கார்ந்தேன்? கூட்டேரிப்பட்டுக் கல்யாண மண்டபக்காரர் போன் செய்திருந்தார். அதிலிருந்து கை ஓடவில்லை. "தப்பா எடுத்துக்காதம்மா. எங்க வெப்சைட்டுக்குக் கீழ அந்தப் பொண்ணு பேரும் நம்பரும் இருக்குதே, அதுக்குப் போட்டா உபயோகத்துல இல்லன்னுது. அத்த எடுத்துட்டு உன்னுத போட்டுரும்மா" என்றார். அவரைக் கோபிக்க முடியாது. உன் அடக்கத்தன்று கல்லறையில் கடைசிவரை நின்றவர்.

ஆனால் அந்த வரி நம் நாற்பத்தொரு வாடிக்கையாளர்களின் தளங்களுக்கும் பொது. எல்லாம் நீ செய்த ஏற்பாடு. திண்டிவனத்தில் நாம் இணையதளம் செய்துதரும் கடை போட்ட புதிதில், ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அதே வரிகளை நான் கையால் ஒட்டிக்கொண்டிருப்பேன். நீதான் தலைப்பகுதிக்கு ஒரு கோப்பு, அடிப்பகுதிக்கு ஒரு கோப்பு என்று வைத்து, எல்லாப் பக்கங்களும் அவற்றையே எடுத்துக்கொள்ளும்படி செய்தாய். "ஒரு எடத்துல மாத்துனா எல்லா எடத்துலயும் மாறணும்டி. ஒவ்வொண்ணா ஒட்டிக்கினு உக்காந்தா கெழவி ஆயிடுவோம்" என்றாய்.

நான் அதிலும் சொதப்பினேன். பள்ளிக்கூடம் ஒன்றின் தாளாளர் இறந்தபோது, கண்ணீர் அஞ்சலியை அவர்கள் பக்கத்தில் போடாமல் பொதுத் தலைப்பகுதியில் போட்டுவிட்டேன். இதே மண்டபக்காரர் அன்று அலறினார். "கல்யாணம் பேச வந்துக்கினு இருக்காங்கம்மா! எங்க மண்டபத்துல எவரு போட்டோவோ மாலையோட தொங்குது!" நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்துக்கொண்டே ஒரே வரியை அழித்தாய். எல்லா இடத்திலும் மறைந்துவிட்டது.

காய்ச்சல் என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தபோது, "உனுக்குப் போன்ல பேசத் தெரியாது, நம்பரு என்னுதே இருக்கட்டும். ஜல்தி வந்துர்றேன்" என்றாய். நம்பினேன். விழுப்புரத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் 'ரெண்டு நாளில் வந்துவிடுவாள்' என்றுகூடச் சொன்னேன். மூன்றாம் நாள் நீ இல்லை. அன்று, பழைய தப்பை வேண்டுமென்றே செய்துவிடத் தோன்றியது. மண்டபம், நகைக்கடை, அரிசி மில் என்று எல்லாத் தளங்களின் தலையிலும் உன் படம், கண்ணீர் அஞ்சலி. ஊரே அலறட்டும் என்றிருந்தது.

செய்யவில்லை. இன்றைக்கு அடிப்பகுதிக் கோப்பைத் திறந்து, உன் வரியைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தேன். ஒரு தட்டு. நாற்பத்தொரு இடத்திலிருந்தும் நீ ஒரே நேரத்தில் போய்விடுவாய். அந்த மூன்றாம் நாளை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது. முடியவே முடியாதடி.

அதனால் நீ கட்டியதைக் குலைத்துவிட்டேன். மன்னித்துவிடு. எந்தப் பக்கமும் இனிப் பொதுக் கோப்பைத் தேடாது. ஒவ்வொரு தளமாகத் திறந்து, உன் பெயரையும் நம்பரையும் பழையபடி கையால் ஒட்டினேன். காலையில் உட்கார்ந்தவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியாக மண்டபத்தின் பக்கத்துக்கு வந்தேன். அதில் மட்டும் என் நம்பரைப் போட்டேன்.

நாளைக்கு வேறு யாராவது கேட்பார்கள். அவர்களுடையதிலிருந்தும் எடுத்துத்தான் ஆகவேண்டும். அதுவரை மீதி நாற்பதிலும் நீ இருப்பாய். இனி ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் ஒவ்வொன்றாகத்தான் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கெழவி ஆகிவிடுவோம் என்றாயே. பரவாயில்லை, நான் மட்டும்தானே ஆகப்போகிறேன்.