நான் படிக்கும் சிவில்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் சுகம்.

மாமா மறுபடியும் தன் புது வீட்டு பிளானை அனுப்பி, தூண் தாங்குமா என்று கேட்கிறார். நான் படிக்கும் சிவில் கட்டடம் கட்டுவதல்ல, சட்டம் என்று சொல்லிவையுங்கள்.

அந்தச் சிவில்தான் நேற்று என்னைக் காப்பாற்றியது. தன் தம்பி மகனுக்கு என் வாடகை அறை வேண்டுமென்று வீட்டுக்காரர் வந்து நின்றார். "இன்னைக்கே காலி பண்ணு, இல்லன்னா போலீஸ் வரும்" என்றார்.

"ஒப்பந்தம் இருக்கு சார், இது சிவில். நீங்க கோர்ட்டுக்குத்தான் போகணும். என் சாமானைத் தூக்கி வெளியே போட்டாதான் கிரிமினல். அப்ப போலீஸைக் கூப்பிடுறது நான்" என்றேன். மனிதர் படியிறங்கிப் போய்விட்டார்.

வகுப்புக்கு நேரமாகிறது. என் பழைய போர்வையைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். தைரியமாக வந்து தங்கலாம், போலீஸ் வராது.

உங்கள் மகள்